தூண்டில் போட்டி வைத்தால் ஜிலேபி ஒழியுமா?

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் கண்மாயில் இப்போது வலை போட்டால் ஜிலேபி மீன்தான் (திலேப்பியா) வருகிறது. நடுவில் ஒன்றிரண்டு டேங்க் கிளீனர், வீட்டுத் தொட்டியில் பாசி தின்ன வளர்ப்பார்களே, அந்த மீன். அயிரை, விரால் எல்லாம் கண்ணில் படுவதே அபூர்வம். இளைஞர் மன்றம் சார்பில் பொங்கலுக்குத் தூண்டில் போட்டி நடத்தி, அதிக எடை பிடிப்பவருக்கும் பெரிய மீன் பிடிப்பவருக்கும் பரிசு கொடுத்தால் இந்த அந்நிய மீன்களைக் குறைக்க முடியுமா?" போட்டியை எப்படி நடத்துவது என்பதைவிட, சின்ன வயதில் பார்த்த மீன்கள் திரும்ப வருமா என்பதுதான் இந்தக் கேள்வியின் அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்துவிட்டு, இருபது வருஷத்துக்கு மேலாக மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்துக் கண்மாய்க் குத்தகைதாரர்களோடு வேலை பார்த்தவன் நான். குஞ்சு விடுவது, தண்ணீர் பார்ப்பது, மீன் செத்து மிதந்தால் ஓடுவது, இதுதான் பிழைப்பு. உங்கள் கண்மாயை நான் பார்த்ததில்லை. ஆகவே ஆழம், மண், வரத்து பற்றி நான் சொல்வதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொன்னால், பொங்கலுக்கு நடத்தும் தூண்டில் போட்டியால் ஜிலேபி குறையாது. ஆனால் வைகாசி, ஆனியில் தண்ணீர் வற்றும்போது, விதியைக் கொஞ்சம் மாற்றி ஊரே சேர்ந்து இறங்கினால் நிச்சயம் குறையும்.

ஏன் என்று புரிய, ஜிலேபியின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். நம் கண்மாய்களில் இருக்கும் பழைய ஜிலேபி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் பெருகும், எதையும் தின்னும், ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கும் என்பதுதான் அன்றைய கணக்கு. பெருகியது உண்மை. ஆண் மீன் கரையோரச் சேற்றில் தட்டு மாதிரி ஒரு குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொண்டு ஒதுங்கிவிடும். முட்டை பொரிந்து, குஞ்சு தானாக நீந்தும்வரை வாய்க்குள்ளேயே காக்கும். ஒருமுறை சின்னக் கண்மாய் ஒன்றில் வீச்சுவலையில் வந்த ஒரு பெண் ஜிலேபியைக் கையில் எடுத்தேன். என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். தாடை உப்பியிருந்தது. லேசாக அழுத்தியதும் உள்ளங்கையில் கடுகை அள்ளிப் போட்ட மாதிரி மஞ்சளாகக் குஞ்சுகள் கொட்டின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கறுப்புக் கண், வயிற்றில் ஒரு மஞ்சள் பை. அவ்வளவு சின்ன மீன் தாயாகியிருந்ததுதான் அங்கே கவனிக்க வேண்டிய விஷயம். நெருக்கடியான குளத்தில் ஜிலேபி வளர்வதை நிறுத்திக்கொண்டு பெருகுவதில் இறங்கிவிடும். சில மாத வயதிலேயே, விரல் நீளத்திலேயே முட்டையிடும். வருஷத்துக்குப் பல தடவை இடும்.

இப்போது தூண்டிலுக்கு வாருங்கள். வாயில் குஞ்சு வைத்திருக்கும் பெண் மீன் இரை எடுப்பது மிகக் குறைவு. மண்புழு கோத்தாலும் மைதா உருட்டிப் போட்டாலும் அது கிட்டே வராது. தூண்டிலில் மாட்டுவது பெரும்பாலும் ஆணும், இனப்பெருக்கத்தில் இல்லாத மற்றவையும்தான். ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதும் என்பதால், ஆணில் பாதியைப் பிடித்து எடுத்தாலும் அடுத்த மாதம் பிறக்கும் குஞ்சில் பெரிய மாற்றம் இருக்காது. பொங்கல் சமயத்தில் கண்மாய் வேறு நிறைந்து கிடக்கும். அத்தனை பரப்பில் இருநூறு பேர் காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்தாலும் எடுப்பது ஒரு ஓரம்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தப்புச் செய்து தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊரில் நானே முன்னின்று இப்படி ஒரு போட்டி நடத்தினேன். பெரிய மீனுக்கு முதல் பரிசு என்று அறிவித்தேன். பரிசு வாங்கியது ஒரு விரால். நல்ல கனமான மீன், ஊரே கைதட்டியது. அன்று மாலை கரையோரமாக நடந்தபோது, அந்த இளைஞன் தூண்டில் போட்ட இடத்தில் செங்காவி நிறத்தில் ஒரு குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மட்டத்தில் சுழன்றுகொண்டிருந்தது. விரால் பார்ப்பு. காவல் காத்த தாயோ தகப்பனோ எங்கள் பரிசு மேஜையில் கிடந்தது. சுற்றிலும் ஜிலேபி அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்து பாய்ந்து போனது. ஜிலேபிக் குஞ்சைத் தின்று அடக்கி வைக்கும் மீன் நம் கண்மாயில் விரால்தான். அதைப் பரிசு கொடுத்து வெளியே எடுத்தோம். அந்தக் காட்சி இன்றும் என் மனதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் 'பெரிய மீனுக்குப் பரிசு' என்று யார் சொன்னாலும் முதலில் தடுக்கிறேன்.

பெரிய ஜிலேபிக்கு மட்டும் பரிசு என்று வைத்தாலும் இதே சிக்கல்தான் வரும். பெரியது போனால் இரையும் இடமும் சின்னதுக்கு மிஞ்சும். முன்பு பசியிலும் நெருக்கடியிலும் செத்திருக்கும் குஞ்சு இப்போது பிழைக்கும். எடுத்த எண்ணிக்கையைவிட அடுத்த பருவத்தில் கூடுதலாக நிற்பதும் உண்டு. வேகமாகப் பெருகும் எந்த மீனுக்கும் இது பொருந்தும். மெதுவாக வளர்ந்து தாமதமாக முட்டையிடும் மீனுக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1990 முதல் பைக்மின்னோ என்ற மீனைப் பிடித்துக் கொடுத்தால் காசு கொடுக்கிறார்கள். அது அந்த ஆற்றின் சொந்த மீன்தான். அணைகள் வந்தபின் சால்மன் குஞ்சுகளை அளவுக்கு மீறித் தின்கிறது என்பதால் கட்டுக்குள் வைக்கப் பார்க்கிறார்கள். பெரிய பைக்மின்னோவில் ஆண்டுக்கு 10 முதல் 20 சதவீதம் எடுத்தால் போதும் என்பது அவர்கள் இலக்கு. பெரியதுதான் சால்மனைத் தின்கிறது, அதன் இடத்தைச் சின்னது பிடிக்கப் பல வருஷமாகும். எனவே அங்கே அந்த முறைக்கு அர்த்தம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சாதாக் கெண்டையை ஒழிக்க ஊர் ஊராகத் தூண்டில் போட்டி நடத்துகிறார்கள். கூட்டம் சேர்கிறது, மக்களுக்கு விஷயம் புரிகிறது. ஆனால் தண்ணீரில் இருக்கும் கெண்டையில் மிகச் சிறு பங்குதான் வெளியே வருகிறது. நம் ஜிலேபி இந்த இரண்டாவது வகையில் சேரும்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, நத்தம் பக்கமெல்லாம் காலங்காலமாக நடக்கும் மீன்பிடித் திருவிழா இருக்கிறது. கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை கரையில் காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் ஊத்தா என்ற அடி திறந்த கூடை, கச்சா, பரி போன்ற மீன்பிடிக் கருவிகள், வலை, வெறுங்கை என்று இறங்குவார்கள். 'கம்மா அழிக்கிறது' என்று நம் பக்கம் சொல்வோமே, அதுதான். நீங்கள் தேடும் போட்டி உங்கள் ஊரிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. மீன் முழுக்க ஒரே இடத்தில் ஒதுங்கி நிற்கும். ஊத்தாவைக் கவிழ்த்து மேல் வாய் வழியே கைவிட்டால் ஆண், பெண், வாயில் குஞ்சு வைத்தது என்ற பேதமில்லாமல் அகப்படும். சேறு கலங்கி மூச்சுத் திணறி மேலே வரும் மீனுக்குத் தூண்டில் இரையில் விருப்பம் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. பிடித்ததை விற்காமல் வீட்டில் சமைப்பது என்ற வழக்கமும் பல ஊரில் உண்டு. காசு ஆசை உள்ளே நுழையாமல் அது காக்கிறது.

வற்றும் காலத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. நம் கண்மாய் மீன்கள் வறட்சிக்குப் பழகியவை. விரால், தேளி, பனையேறிக் கெண்டை மூன்றும் காற்றைச் சுவாசிக்கும். ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்தும் மழை வரும்வரை தாக்குப்பிடிக்கும். ஜிலேபிக்கு அந்த வித்தை தெரியாது. தண்ணீர் சுத்தமாக வற்றினால் அது செத்தது. அப்படியென்றால் வருஷா வருஷம் ஜிலேபி எப்படித் திரும்ப வருகிறது? எனக்குத் தெரிந்து மூன்று வழி. முதலாவது, மண் எடுத்த குழிகள். கண்மாய் உள்வாயில் சவுடு மண் அள்ளிய ஆழமான பள்ளங்களில் கோடை முழுவதும் தண்ணீர் நிற்கும். மடைக்கு முன்னாலுள்ள பள்ளத்திலும் நிற்கும். அந்தக் குழியில் பத்துப் பெண் ஜிலேபி மிஞ்சினால் போதும். இரண்டாவது, வரத்துக்கால். உங்கள் பக்கத்துக் கண்மாய்களில் பலவற்றுக்கும் பெரியாறு பிரதானக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. 1895-ல் கட்டிய பெரியாறு அணையிலிருந்து வைகை அணை, அங்கிருந்து பேரணை, பிறகு கால்வாய். தேக்கடி ஏரியிலும் ஜிலேபி இருக்கிறது, வைகை அணையிலும் இருக்கிறது. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே உபரித் தண்ணீர் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்கும் இறங்கும். மூன்றாவது நம் கை. குஞ்சு வாங்கி விடும்போது கட்லா, ரோகு, மிருகாலோடு கலந்து வருவதும், வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்ததைக் கொண்டுபோய்க் கண்மாயில் கொட்டுவதும் நாம் செய்வது.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். கால்வாயில் ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன், உங்கள் கண்மாய் கடைசியாகச் சுருங்கும் வாரத்தில் நாள் குறியுங்கள். முதல் நாள் வழக்கமான திருவிழா. அடுத்த இரண்டு நாள் இளைஞர் மன்றத்தின் வேலை: மிச்சமிருக்கும் குழி ஒவ்வொன்றிலும் சின்னக் கண்ணி இழுவலையைத் திரும்பத் திரும்ப இழுப்பது. கூட்டமும் கைதட்டலும் முதல் நாளோடு முடிந்துவிடும், ஆனால் பலன் தருவது இந்த இரண்டு நாள்தான். முடிந்தால் குழித் தண்ணீரை இன்ஜின் வைத்து இறைத்துவிடுங்கள். ஆடு மாடு குடிக்க வேறு தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பரிசை எடைக்கு வைக்காதீர்கள், எண்ணிக்கைக்கு வையுங்கள். விரல் நீள ஜிலேபியும் கை அகல ஜிலேபியும் ஒன்றென்றே எண்ணப்பட வேண்டும். தனி ஆளுக்கு வேண்டாம், தெருவுக்குத் தெரு அணியாக வையுங்கள். பொடிசுகளை எண்ணச் சின்னப் பிள்ளைகளை விடுங்கள், அவர்கள் ஒன்றைக்கூட விடமாட்டார்கள். பிடித்த ஜிலேபியைத் தண்ணீருக்குள் வைத்துப் பிரிக்கக் கூடாது. பயந்தால் தாய் மீன் வாயிலுள்ள குஞ்சைத் துப்பிவிடும், தண்ணீரில் விழுந்த குஞ்சு பிழைத்துக்கொள்ளும். வலையைக் கரையேற்றிப் பிறகு பிரியுங்கள். கரையில் இரண்டு பெரிய தொட்டியில் நிழல் கட்டித் தண்ணீர் வைத்து, விரால், குரவை, ஆரல், உளுவை, அயிரை வந்தால் அதில் போடுங்கள். எல்லாவற்றையும் திருப்பி விடச் சொல்லவில்லை. ஊர் சாப்பிட வேண்டும், அது திருவிழா. ஆனால் நல்ல விராலில் ஒரு பங்கையாவது, ஜிலேபியைத் துடைத்து எடுத்த ஒரு குழியில் விட்டு, அந்தக் குழியில் மழை வரும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போடுங்கள்.

கிலோவுக்கு இவ்வளவு ரூபாய் என்று மட்டும் அறிவிக்காதீர்கள். பக்கத்துக் கண்மாயிலிருந்து பிடித்துக்கொண்டு வருவார்கள், அதை உயிரோடு கொண்டுவரும் வழியில் இன்னொரு குளத்துக்கு விதைப்பார்கள். வருஷா வருஷம் காசு வரும் என்று தெரிந்தால் நாலு மீனை மிச்சம் வைக்கவும் மனசு வரும். வெடி, விஷம், கரன்ட் மூன்றும் கூடவே கூடாது. வெடியும் விஷமும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். சட்டத்தைவிட, அது விராலையும் சேர்த்துக் கொல்லும் என்பதுதான் எனக்குக் கவலை. கண்மாய் மீன்பாசிக் குத்தகையில், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் முதலில் பேசுங்கள். குத்தகைக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூன் 30-ஓடு முடிகிறது. தன் மீனை அள்ளி முடித்த பிறகு மிச்சத்தை ஊருக்கு விடுவதில் பலருக்கு ஆட்சேபம் இருக்காது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசன நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை பொறுப்பு, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டேங்க் கிளீனருக்கு வேறு வழி பார்க்க வேண்டும். பாசியையும் அடிச் சேற்றையும் சுரண்டித் தின்பதால் தூண்டிலுக்கு வருவது அபூர்வம். உடம்பு முழுக்கக் கவசத் தகடு, துடுப்பில் முள், ஆகவே வலையைக் கிழிக்கும். வெயிலில் கரையில் போட்டாலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து எறிந்துவிட்டுப் போனால் உருண்டு தண்ணீரில் இறங்கிவிடும். கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை மண்ணும் சரியும். வற்றிய நாளில் கரைப் பொந்துகளில் கைவைத்துத் தேடாதீர்கள், முள்ளும் கிழிக்கும், பாம்பும் இருக்கும். மண்வெட்டியால் பொந்தைத் திறந்து எடுத்து, தலையில் அடித்துக் கொன்று, ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். கோழிக்கடைக் கழிவு விழும் கண்மாய் என்றால் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இருக்கலாம். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்த மீன் அது, ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்ப்பது நிற்கவில்லை. சேற்றில் புதைந்து பிழைக்கும் என்பதால் வறட்சி அதைக் கொல்லாது. பிடித்த இடத்திலேயே முடிக்க வேண்டும். அடையாளம் பார்க்க, முதுகுத் துடுப்பைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஒரே நீளமாக ஓடினால் சந்தேகப்படுங்கள். நம் தேளிக்கு முதுகுத் துடுப்பு மிகச் சின்னது. சாதாரணக் கெளுத்திக்கு முதுகில் வாலை ஒட்டி இன்னொரு சதைத் துடுப்பு இருக்கும். நாட்டு வகை ஒன்றுக்கும் அதே நீளத் துடுப்பு உண்டு, அதனால் சின்ன மீனாக இருந்தால் அவசரப்பட்டுக் கொல்லாமல் மீன்வள ஆய்வாளரிடம் படம் காட்டிக் கேளுங்கள். பெரியதாக, முதுகும் விலாவும் பளிங்கில் மை தெளித்த மாதிரி திட்டுத்திட்டாக இருந்தால் யோசிக்க வேண்டாம்.

இனி, உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஜிலேபி மற்ற மீனின் இரையையும் முட்டையையும் இடத்தையும் பறிக்கும் என்பது உறுதி. வற்றும்போது எடுத்தால் எண்ணிக்கை விழும் என்பதும் உறுதி. உங்கள் கண்மாயில் அயிரை போனதற்கு ஜிலேபிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அயிரைக்கு மணல் வேண்டும், புதைந்து விளையாட. மணல் போய், சாக்கடை வந்து, உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் அயிரை எப்படி இருக்கும்? ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் ஜிலேபி தாக்குப்பிடிக்கிறது, மற்றது போகிறது. பல கண்மாய்களில் தண்ணீர் கெட்டது முதலில், ஜிலேபி நிறைந்தது பிறகு என்பது என் அனுமானம், வேறு கருத்துள்ளவர்களும் உண்டு. விராலுக்கு நான் தைரியமாக நம்பிக்கை தருவேன், இரண்டு மூன்று கோடை விடாமல் செய்தால் கண்ணுக்குத் தெரியும். அயிரைக்கு வரத்துக்காலில் மணலும் சுத்தத் தண்ணீரும் வேண்டும், அது போட்டியால் ஆகாது. மதுரையில் உயிர் அயிரையைப் பாலில் விட்டு மண் கக்கவைத்துக் குழம்பு வைப்பார்களே, அந்த மீனை வெளியூரிலிருந்து வாங்கும் நிலைக்கு நம் ஊர்கள் வந்ததை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இன்னொன்று, ஜிலேபியை எதிரியாகப் பேசும்போது, சந்தையில் அதை மட்டுமே வாங்க முடிந்த வீடுகள் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். அன்று பிடித்ததைப் புதைக்காதீர்கள், அந்த வீடுகளுக்குக் கொடுங்கள்.

முழுக்க ஒழியாது, தம்பி. கால்வாய் இருக்கும்வரை மேலிருந்து வந்துகொண்டேயிருக்கும். வரத்துக்கால் வாயில் வலை கட்டலாமா என்று கேட்பீர்கள். முதல் வெள்ளத்தில் வேண்டாம். புதுத்தண்ணிக்கு எதிரேறி முட்டையிடும் நாட்டு மீனையும் அது மறித்துவிடும். அதற்குப் பதிலாக எண்ணிப் பாருங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் கண்மாயில் ஐந்து இடம் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை வீச்சுவலை வீசி, ஜிலேபி எத்தனை, மற்றவை எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்மாய் நிறைந்து மூன்று மாசம் கழித்து, தை மாசம், அதே ஐந்து இடத்தில் அதே ஆள் அதே வலையை வீசட்டும். நீங்கள் பொங்கலுக்கு வைக்க நினைத்த தூண்டில் போட்டியை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விராலைப் பிடித்தால் அளந்து எழுதிவிட்டுத் திருப்பி விட வேண்டும் என்ற ஒரே விதியோடு. இரண்டு வருஷ நோட்டை எனக்கு அனுப்பினால், மூன்றாம் வருஷம் எந்தக் குழியில் முதலில் இறங்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசலாம்.